மலை விற்காத கடை

குன்னூரில் போட்டோ ஸ்டூடியோ வைக்கிறவன் பின்திரையில் மலையை எழுதக் கூடாது என்று எனக்குச் சொன்னவர், கோயம்புத்தூரில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்த ஓவியர். 1978 சித்திரையில் கடை திறப்பதாக இருந்தேன். பங்குனியிலேயே அவரைத் தேடிப் போய், பனிமூட்டம், தேயிலைச் சரிவு, நடுவில் ஒற்றை சில்வர் ஓக் மரம் என்று விவரித்துக்கொண்டே போனேன். கையிலிருந்த பீடி அணையும்வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "சன்னலைத் தொறந்தா தெரியறத எதுக்குங்க தம்பி துணியில எழுதறது? கடல் எழுதித் தாரேன். உங்க ஊர்க்காரங்க கடலைக் கண்டிருக்க மாட்டாங்க."

எழுதியும் தந்தார். நீலமும் பச்சையும் கலந்த அலை, ஒரு பாய்மரப் படகு, ஓரத்தில் சாய்ந்த தென்னை. நான் எடுக்கப்போவது கறுப்பு வெள்ளைப் படம். அதில் நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் அவருக்கு வண்ணம் தொடாமல் கை ஓடாது.

என் மனசில் இருந்த கடை வேறு. கோயம்புத்தூரில் மாமாவின் ஸ்டூடியோவில் வேலை கற்றபோதே, எப்படியும் ஊருக்குத் திரும்பி நீலகிரியைப் பெரிய பெரிய பிரிண்டுகளாகப் போட்டு விற்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். டால்பின் நோஸ், லாம்ஸ் ராக், மூடுபனியில் ரயில், காட்டேரிப் பக்கம் அடுக்கடுக்காக இறங்கும் தேயிலை. ஷோகேஸ் கண்ணாடிக்குள் முதலில் வைத்தவை அந்தப் படங்கள்தான். சீசனில் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், உள்ளே வந்து தங்களை எடுக்கச் சொன்னார்கள். மலையைத்தான் அவர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்களே.

எனக்கு முன்னால் இந்த மலையில் கேமராவோடு பிழைத்தவர்களைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. மதராஸில் ஸ்டூடியோ நடத்திய நிக்கோலஸ் சகோதரர்கள் 1860களிலேயே ஊட்டியில் கடை போட்டிருந்தார்கள் என்பதையும், அவர்களிடம் வேலைக்கு வந்த ஆல்பர்ட் பென் என்ற ஆங்கிலேயப் பையன் 1870களில் தனியாகக் கடை வைத்து ஊட்டியின் பெயர்பெற்ற படக்காரரானார் என்பதையும் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். பென்னும் மலைகளை எடுத்தார், தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளை எடுத்தார். ஆனால் அவருடைய ஸ்டூடியோ வெள்ளைக்காரக் குடும்பங்களின் முகங்களை நம்பித்தான் நடந்திருக்கும் என்று என் தொழில் புத்தி சொல்கிறது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு நீலம்தான் தெரியும், சிவப்பு தெரியாது. தோடர்களின் புத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் தையல், அந்தப் படங்களில் முழுக்கக் கறுப்பாகத்தான் விழுந்தது. வானம் வெறும் வெள்ளை. நீலகிரியை அதன் நீலம் இல்லாமல் எடுத்தவர்களின் வரிசையில் நானும் ஒருவன் என்று அப்போதே தெரிந்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

கடை, பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் தெருவில் ஒரு மாடி. கீழே தேயிலைத்தூள் மண்டி. அதனால் என் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் தேயிலை மணத்தோடு ஏறி, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவின் நாற்றத்தோடு இறங்கினார்கள். சன்னலைத் திறந்துவைத்தால் ஸ்டேஷன் பக்கமிருந்து கரித்தூள் வரும். அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை நீராவி எஞ்சின்தான். எஞ்சின் ஷெட் குன்னூரில். ஈரப் பிரிண்டை கிளிப்பில் மாட்டிவிட்டு சன்னலை மறந்தால், மணப்பெண் கன்னத்தில் யாரும் வைக்காத ஒரு மச்சம் இருக்கும். மறுபடி பிரிண்ட் போட வேண்டும். மலை ரயிலைப் பற்றி ஊரே உருகும்போது எனக்கு இன்றும் அந்த மச்சங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

தொழில் கற்றது சமவெளியில், செய்ய வந்தது மலையில் என்பதன் அர்த்தம் டார்க் ரூமில்தான் புரிந்தது. டெவலப்பர் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் சித்திரை வைகாசியில் முப்பதைத் தாண்டும்; மாமா ஐஸ் வாங்கிவரச் சொல்வார், அதைப் பெரிய தட்டில் போட்டு அதற்குள் டெவலப்பர் தட்டை இறக்கிவைப்பார். நான் கற்ற வித்தை அதுதான்: குளிர வைப்பது. குன்னூரில் மார்கழிக் காலையில் தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே இருக்கும். டெவலப்பரில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும். முகத்தின் சாம்பல் நிறங்களை மெட்டால் கொண்டுவரும். தலைமுடியின் கறுப்பு, கண்மணியின் கறுப்பு, கோட்டின் கறுப்பு எல்லாம் ஹைட்ரோகுவினோன் வேலை. பன்னிரண்டு பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனால் ஹைட்ரோகுவினோன் அசையவே அசையாது. படம் வரும், ஆனால் கறுப்பில்லாமல், வெளிறிப்போன சாம்பலாக வரும். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அஞ்சலிப் படம் போட்டதுபோல் இருக்கும்.

ஆகவே வெந்நீர். கெட்டிலில் கொதிக்கவைத்துப் பெரிய தட்டில் ஊற்றி, அதன்மேல் டெவலப்பர் தட்டு. சூடு இறங்க இறங்க மறுபடி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து அறைக்காரர் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார். மலையில் மூடிய அறைக்குள் கரியைப் போட்டுத் தூங்கி எழாதவர்களின் கதை எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும், அதைச் செய்யவில்லை. டெவலப்பரைச் சூடாக்கினால் போதாது, கழுவுகிற தண்ணீரும் பார்க்க வேண்டும். சூட்டிலிருந்து நெகட்டிவை எடுத்துச் சட்டென்று பைப் தண்ணீரில் போட்டால் அதன் மேலிருக்கும் ஜெலட்டின் சுருங்கி வலை வலையாக வெடித்துவிடும். படிப்படியாகத்தான் குளிரவைக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஹைப்போ சீக்கிரம் போகாது என்பது அடுத்த தொல்லை. போகாவிட்டால் சில வருஷத்தில் படம் மஞ்சளாகும். கடைசிக் கழுவலில் சொட்டும் நீரை, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த ரோஸ் நிறத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். நிறம் கலைந்தால் இன்னும் ஹைப்போ இருக்கிறது என்று அர்த்தம். விடிய விடியக் கழுவிய ராத்திரிகள் உண்டு. அந்த வருஷத்துப் படங்கள் எங்கேயாவது சுவரில் இன்னும் வெள்ளையாக இருந்தால் அதற்குக் காரணம் என் திறமை இல்லை, பெர்மாங்கனேட்.

கரண்ட் இன்னொரு வேடிக்கை. 1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலை இது, அதற்கப்புறம் குந்தா. இங்கே பிறந்து கோயம்புத்தூர் மில்களை ஓட்டப் போன மின்சாரம், சாயங்காலம் ஆறு மணிக்கு என் ஸ்டூடியோ விளக்குக்கு மட்டும் வராது. பல்பு மஞ்சளாக மினுங்கும். அதனால் முடிந்தவரை பகல் வெளிச்சத்திலேயே எடுத்தேன். அப்படித்தான் மூடுபனியின் குணம் தெரிந்தது. மாடி வாசற்கதவைத் திறந்து, வெளியே பனி நிற்கும்போது, ஆளை வாசலுக்கு உள்ளே ஒரு அடி தள்ளி உட்காரவைத்தால், எந்த விளக்கும் தராத வெளிச்சம் முகத்தில் விழும். மூக்கின் நிழல் கன்னத்தில் வெட்டாது. கண்ணுக்குக் கீழே குழி விழாது. அறுபது வயசுக்காரிக்கு நாற்பத்தைந்து வயசாகும். பனியைப் படமெடுத்து விற்க நினைத்தவனுக்குப் பனி விளக்கு பிடித்தது.

பேப்பர் எங்கள் ஊருடையது. ஊட்டியில் இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் 1967இல் உற்பத்தி தொடங்கியிருந்தது. பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பம். தூசியில்லாத காற்றும் குளிர்ச்சியும் வேண்டுமென்று ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். "இந்து" என்று பெயர் போட்ட பெட்டியில் புரோமைடு பேப்பர் வரும். எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம், ரோல் எல்லாம் அங்கேதான். ஆனால் ஊட்டியில் செய்த பேப்பரைக் குன்னூர்க்காரன் வாங்குவதென்றால் கோயம்புத்தூர் வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். மலையேறிப் பிறந்தது, மலையிறங்கிப் போய், மறுபடி பஸ் டாப்பில் ஏறி என்னிடம் வரும். அதன் கணக்கு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த ஆலையில் வேலை பார்த்த ஒருவர் குடும்பப் படம் எடுக்க வந்திருந்தார். பிலிமில் மருந்து பூசுகிற பகுதியில் வேலை. அங்கே இருட்டு. எட்டு மணி நேரமும் இருட்டு. எதிரே வருகிறவர் யாரென்று செருமலை வைத்துத்தான் தெரியும், கூட வேலை செய்கிறவர் நரைத்துவிட்டதைச் சம்பள நாளில்தான் கவனிப்போம் என்று சொன்னார். என் டார்க் ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கைக் காட்டி, "உங்களுக்கு இந்த வசதியெல்லாம் உண்டா?" என்றார். நாட்டுக்கே வெளிச்சம் பிடிக்கும் பொருளைச் செய்கிறவர்கள் இருட்டில் இருந்தார்கள். அவர் போன பிறகு பேப்பரை வீணாக்கும்போதெல்லாம் அவருடைய செருமல் காதில் கேட்டது.

முகங்கள் வரத் தொடங்கியது சீசன் முடிந்தபிறகு. அருவங்காடு கார்டைட் பாக்டரியில் பையனுக்கு இன்டர்வியூ என்று அப்பாக்கள் கூட்டிவந்தார்கள். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் பயிற்சி முடித்த சிப்பாய்கள், ஊருக்கு அனுப்ப யூனிஃபார்மோடு நின்றார்கள். தொப்பி நேராக இருக்கிறதா என்று கேட்பார்களே தவிர முகத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். ஹட்டிகள் என்று சொல்லும் தங்கள் கிராமங்களிலிருந்து படுகர் குடும்பங்கள் ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு முன்னும் பின்னும் வந்தன. பாட்டிமார் எல்லாம் வெள்ளை உடுப்பு, தலையிலும் வெள்ளைத் துணி. பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்தால் பிலிமில் பாதி வெள்ளை. அந்த வெள்ளையின் மடிப்பும் தெரிய வேண்டும், வெயிலில் கறுத்த முகத்தின் சுருக்கமும் தெரிய வேண்டும். முகத்துக்கு அளந்து எடுத்து, டெவலப்பரில் நேரத்தைக் குறைத்து, வெள்ளையைப் பிடித்துவைக்க வேண்டும். மாமாவுக்குத் தெரியாத வித்தை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் ஊரில் பட்டுப்புடவைகள்.

என்னிடம் இருந்தது பழைய யாஷிகா. ரோலுக்குப் பன்னிரண்டு படம். பன்னிரண்டு முகம் சேர்ந்தால்தான் கழுவ முடியும். "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால் "ரோல் முடியட்டும்" என்பதுதான் பதில். முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். அவசரமென்றால் இருட்டில் கேமராவைத் திறந்து, எடுத்த வரைக்கும் கத்திரியால் வெட்டிக் கழுவுவேன். மிச்ச பிலிம் போனது போனதுதான்.

இனிச் சொல்லப்போகிறவர்களால்தான் கடை நின்றது.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று கணக்கு எழுதினார்கள். பத்து வருஷம் கழித்து இன்னொரு ஒப்பந்தத்தில் மேலும் எழுபத்தைந்தாயிரம். இலங்கை மலையகத் தோட்டங்களில் நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்கென்று 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அது 1976இல் டான்டீ கார்ப்பரேஷன் ஆகி, தலைமையிடம் குன்னூருக்கு வந்தது. தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் லயன் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். கிடைக்காதவர்கள் கோத்தகிரி, கேத்திப் பக்கம் காய்கறிக் காடுகளில் கூலிக்கு நின்றார்கள். ஊர் அவர்களை "சிலோன்காரங்க" என்றது. எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதை வைத்துச் சொல்கிறவர்களை நான் எடைபோடப் பழகிக்கொண்டேன்.

அவர்களுக்கு ஓயாமல் போட்டோ தேவைப்பட்டது. ஒரு மனுவுக்கு, ஒரு அட்டைக்கு, ஒரு கடனுக்கு. எந்த ஆபீஸுக்குப் போனாலும் இந்த முகம் இந்தப் பெயருக்குரியது என்று காட்ட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு இல்லாத நாளில், குடும்பத்தோடு வருவார்கள். இந்த ஊர்க்காரர்கள் கேமராவைக் கண்டு விறைப்பார்கள். இவர்கள் விறைக்க மாட்டார்கள். எங்கே பார்க்க வேண்டும், தாடையை எவ்வளவு தூக்க வேண்டும் என்று சொல்லாமலே தெரியும். பாஸ்போர்ட்டுக்கு, அட்டைக்கு என்று அங்கேயே பல தடவை உட்கார்ந்து எழுந்தவர்கள். குழந்தைகூட இமைக்காமல் உட்காரும். அது நல்ல பழக்கம் என்று முதலில் நினைத்தேன்.

ஒரு குடும்பம் பின்திரைக்கு முன்னால் உட்கார்ந்தது. அந்த அம்மா திரும்பி ஓவியரின் கடலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேற சீலை இல்லையா தம்பி?" என்றார். இருந்த ஒரு சாம்பல் நிறப் போர்வையைக் கட்டினேன். அன்றிலிருந்து தோட்டத்துச் சனம் படியேறும் சத்தம் கேட்டாலே கடலைச் சுருட்டிவிடுவேன். கடலைக் கண்டிராத ஊர் என்று ஓவியர் நினைத்தது பாதி சரி.

ஆபீஸுக்கான படம் முடிந்ததும் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்பார்கள். அங்கே அனுப்ப. அட்டனில் ஒரு அண்ணன், பதுளையில் கட்டிக்கொடுத்த மகள், பண்டாரவளையில் அப்பா. ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியா, ஒருவருக்கு இலங்கை என்று பிரஜாவுரிமை விழுந்த குடும்பங்கள். ஸ்டூடியோ வழக்கப்படி நானும் ஒரு கோட்டு, ஒரு டை, சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் வைத்திருந்தேன். கைக்கடிகாரம் என்னுடையதைக் கழற்றிக் கொடுப்பேன். பெரியவர் ஒருவர் மட்டும் கோட்டைத் தொடவில்லை. "இல்லாதத மாட்டிக்கிட்டு அனுப்புனா, அத நம்பி அவனும் கப்பலேறிருவான் தம்பி" என்றார். சட்டையின் கிழிசல் தெரியும்படித்தான் உட்கார்ந்தார். தோளுக்குமேல் மட்டும் எடுக்கிறேன் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. முழுசாக எடுத்தேன். அது அவர் எழுதத் தெரியாமல் எழுதிய கடிதம்.

வேறு சிலர் கையோடு ஒரு படம் கொண்டுவருவார்கள். அங்கே இருப்பவருடைய படம். "இவரையும் சேர்த்துப் போட்டுத் தாங்க." ஒட்டுப் படம் எல்லா ஸ்டூடியோவிலும் செய்கிற வேலைதான், செத்துப்போன அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்க்கக் கேட்பார்கள். இங்கே சேர்க்கச் சொன்னவர்கள் உயிரோடு இருந்தார்கள், நானூறு மைல் தள்ளி. கொண்டுவந்த படத்தை முதலில் பிரதியெடுக்க வேண்டும். பிறகு இங்கே இருக்கிறவரைப் பக்கத்தில் இடம் விட்டு உட்காரவைத்து எடுக்க வேண்டும். இரண்டு தலையும் ஒரே அளவில் வரும்படி என்லார்ஜரை ஏற்றி இறக்கிப் பிரிண்ட் போட வேண்டும். பிளேடால் உருவத்தை வெட்டி, வெட்டின ஓரத்தைப் பின்பக்கம் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, சந்தைப் பென்சிலால் மறைத்து, அதை மறுபடி படமெடுக்க வேண்டும். இதெல்லாம் கைவேலை, பழகினால் வந்துவிடும். வராதது வெளிச்சம். அட்டனில் எடுத்தவர் விளக்கை இடப்பக்கம் வைத்திருப்பார், எனக்கு வெளிச்சம் வலப்பக்கக் கதவிலிருந்து வரும். ஒட்டினால் இரண்டு பேர் முகத்திலும் நிழல் எதிரெதிராக விழும். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்ட மாதிரி இருக்கும். அதனால் கொண்டுவரும் படத்தை முதலில் பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். விளக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், முகத்துக்கு எவ்வளவு கிட்டே. அதே மாதிரி என் விளக்கை மாற்றுவேன். அங்கே யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர், பெயர் தெரியாது, முகம் தெரியாது. நன்றாக வேலை தெரிந்தவர். அவருக்குத் தெரியாமலே நான் அவருக்கு அசிஸ்டென்டாக இருந்தேன்.

சிலர் அதை வாங்கிக்கொண்டு, ஒரு காப்பி இங்கே, ஒரு காப்பி அங்கே என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அழுதவர்கள் குறைவு. தலையைச் சாய்த்துப் பார்த்து, "கொஞ்சம் மெலிஞ்சாப்ல இருக்காரு" என்பார்கள், அந்தப் படம் தாங்களே கொண்டுவந்தது என்பதை மறந்து.

ஐப்பசி கார்த்திகைதான் குன்னூருக்கு மழை. ஊட்டிக்கு ஆடி மழை, எங்களுக்கு வடகிழக்கு. பிரிண்டைக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்தால் மூன்று நாளானாலும் உரியாது. லென்ஸில் பூஞ்சை நூல் விடும். 1978 நவம்பரில் அந்த மழை வேறு மாதிரி வந்தது. நீலகிரியில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மலை சரிந்தது என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். நாங்கள் அறிந்ததெல்லாம் கீழேயிருந்து பஸ் வரவில்லை, பேப்பர் வரவில்லை என்பதுதான். மீதியிருந்த பெட்டியை வெட்டி வெட்டி ஸ்டாம்ப் சைஸுக்கு வைத்துக்கொண்டேன்.

மழை கொஞ்சம் வெறித்ததும் ஆட்கள் வந்தார்கள், தங்களை எடுக்க இல்லை. "வீட்டை வந்து எடுக்கணுங்க. மனுவோட வைக்கணும்." ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். போன இடத்தில் வீடு இருக்காது. சேறும், பாதிச் சுவரும், வேரோடு வந்த மரமும். வெறும் சேற்றை எடுத்தால் ஆபீசில் என்ன புரியும்? உடைந்த கதவையோ ஆட்டுக்கல்லையோ படத்துக்குள் வர வைப்பேன். சரிவின் உயரம் தெரிய ஒரு ஆளைப் பக்கத்தில் நிற்கவைப்பேன். நிற்பவர் யாரென்றால் வீட்டுக்காரர்தான். சில்வர் ஓக் மரமும் தேயிலைச் சரிவும் பனிமூட்டமும் எல்லாம் அந்தப் படங்களில் இருந்தன, நான் பங்குனியில் ஓவியரிடம் விவரித்த அதே ஐட்டங்கள். வெளிச்சமும் அருமையான வெளிச்சம். அதைக் கவனித்ததற்காக அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. பாதிப் பேரிடம் காசு வாங்கவில்லை. மீதிப் பேரிடம் வாங்கினேன்; வாடகை நிற்கவில்லையே.

அடுத்த நவம்பரிலும் மலை சரிந்தது. ஆனால் அது இரண்டாம் வருஷம்.

அந்தக் கடையோடு சேர்ந்திருந்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போனது. ராமேஸ்வரம் கப்பல் 1980களின் நடுவில் சண்டையால் நின்றது. அதற்கப்புறம் இரண்டு கரைக்கும் சேர்த்துப் படம் ஒட்டச் சொல்லி யாரும் வரவில்லை. இந்து நகர் ஆலை 1990களில் நலிந்த ஆலைப் பட்டியலுக்குப் போய், பின் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறி, மூடியேவிட்டது. நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து அம்மைத் தழும்பை அழிக்கிற டச்சிங் வேலை, அதற்கென்று ஊசிமுனையாகச் சீவிய பென்சில், சாய்வுப் பெட்டி, இப்போது சொன்னால் என் பேத்தி, "அதான் ஃபில்டர், தாத்தா" என்கிறாள். சரிதான் போலிருக்கிறது. மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதிகம் ஏங்கத் தோன்றுவதும் இல்லை. குளிரில் வெந்நீர் ஊற்றிய கை இன்னும் மரத்துப்போகிறது.

ரோலுக்காகப் பன்னிரண்டு பேர் காத்திருந்ததை மட்டும் நினைத்துக்கொள்வேன். படத்தை வாங்க வந்த இடத்தில் ஒரு படுகர் பெரியவரும், கார்டைட் பாக்டரிப் பையனும், சிலோனிலிருந்து வந்த அம்மாவும் என் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து, ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் படத்தை ஒருவர் வாங்கிப் பார்த்து அபிப்பிராயம் சொல்வார்கள். அந்த ஊரில் அவர்கள் மூவரும் அப்படி உட்காரும் வேறு பெஞ்சு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியைச் சேர்க்கக் கூடாது.

வருஷம் திரும்பியதும் மாமா கோயம்புத்தூரிலிருந்து கணக்குப் பார்க்க வந்தார். கடன் கொடுத்தவர், பார்க்க உரிமை உண்டு. நோட்டை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். பாஸ்போர்ட் சைஸ், பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், குடும்பம், ஒட்டு, பாஸ்போர்ட் சைஸ். ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தார். டால்பின் நோஸ் வெயிலில் லேசாக வெளுத்திருந்தது.

"இதுல ஏதாச்சும் வித்துச்சாடா?"

"அது விக்கல மாமா. நவம்பர்ல சரிஞ்ச மலை வித்துச்சு."

நவம்பர்ப் பக்கத்தை மறுபடி புரட்டினார். காசு போடாமல் விட்டிருந்த வரிகளை விரலால் எண்ணினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இந்தப் பேர்களுக்கெல்லாம் நெகட்டிவ் பத்திரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். "ஆபீஸ்ல தொலைச்சுட்டு மறுபடி கேப்பாங்க. அப்பவும் காசு வாங்காத" என்றார். அவர் சொன்னபடியே சிலர் வந்தார்கள்.

போகும்போது, முகத்தை நம்பிப் பிழைக்கிறவன் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாமா, ஃப்ளாஷ் ஒன்று வாங்கு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். வாங்கினேன். படுகர் கல்யாணம், தோட்டத்துக் கல்யாணம், ராத்திரி ஜீப்பில் போய் விடியற்காலை நடந்து திரும்பியது எல்லாம் இரண்டாம் வருஷத்துக் கதை.